கேட்க வெட்கப்படாதே



கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறக்கும் காலம் இது. நம் பங்கிலிருந்து இவ்வருடமும் பல பிள்ளைகள் புதிதாகக் கல்லூரிப் படி ஏறுகிறார்கள். சிலர் தினமும் பஸ்ஸில் போய்வருவார்கள். சிலர் பெட்டி படுக்கையோடு விடுதிக்குப் போகிறார்கள். இவர்களில் அநேகருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். “நல்லாப் படிக்கணும்னு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க, சாமி” என்று தாய்மார் கேட்கிறார்கள். அந்த நாலு வார்த்தையை இந்த வாரம் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வது பாதி. பெற்றோருக்குச் சொல்வது பாதி.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். கலை, அறிவியல் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு மூன்று வருடம். அது ஆறு பருவம். பருவத்துக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் 540 நாள். நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு என்றால் மொத்தம் 2,700 மணி. அந்த 2,700 மணியை இரவு பகலாக ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்: 113 நாள்கூட வராது. நாலு மாதம் நிரம்பவில்லை! மூன்று வருடம் என்று நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் காலம் ஆசிரியர் முன்னிலையில் இவ்வளவுதான். இதற்காகத்தான் தகப்பன் கடன் வாங்குகிறார். தாய் நகையை வைக்கிறாள். இந்தக் கொஞ்ச நேரத்தைப் பிள்ளையின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிறவன் யார்?

சோம்பல் என்பீர்கள். செல்போன் என்பீர்கள். கெட்ட சகவாசம் என்பீர்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னால் உள்ளே நுழைகிற திருடன் ஒருவன் உண்டு. அவன் பெயர் வெட்கம்.

தாலந்து உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரு தாலந்து பெற்றுக்கொண்ட ஊழியன் அதைக் குடித்து அழிக்கவில்லை, சூதாடித் தோற்கவுமில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்தான். ஏன்? பயந்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். நம் பிள்ளைகளில் கெட்ட வழியில் போய்ப் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் சிலர். பயத்தினாலும் கூச்சத்தினாலும் தாலந்தைப் புதைத்துவிடுகிறவர்களோ பலர்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளை கல்லூரியில் போய் உட்காருகிறான். ஆசிரியர் இங்கிலீஷில் பாடம் நடத்துகிறார். பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. “புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், இவனும் ஆட்டுகிறான். எழுந்து நின்று கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம். மறுநாள் பாடம் முந்தின நாள் பாடத்தின் மேல் கட்டப்படுகிறது, அதுவும் விளங்கவில்லை. ஒரு மாதத்தில் கடைசி பெஞ்சுக்குப் போகிறான். இரண்டு மாதத்தில் வகுப்புக்குப் போகவே மனம் வரவில்லை. வருகை நாள் குறைகிறது. பருவத் தேர்வில் இரண்டு பாடம் அரியர். அதை வீட்டில் சொல்ல வெட்கம். இத்தனைக்கும் தொடக்கம் முதல் வாரத்தில் கேட்கப்படாமல் போன ஒரு சிறு கேள்வி!

பிள்ளைகளே, வெட்கத்தை வென்ற ஒரு மாணாக்கரைப்பற்றிக் கேளுங்கள். அர்ச். இஞ்ஞாசியார் ஸ்பெயின் தேசத்துப் பிரபு வம்சத்தில் பிறந்தவர், போர்வீரர். 1521ஆம் வருடம் பாம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிற்று. படுக்கையிலே மனந்திரும்பினார். ஆத்துமங்களுக்கு உதவி செய்யவேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று கண்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. என்ன செய்தார்? 1524இல் பார்சலோனா பட்டணத்தில் ஆர்தேவோல் என்ற ஆசிரியரிடம் லத்தீன் இலக்கணத்தின் அரிச்சுவடியைத் தொடங்கினார். தாடி வளர்ந்த முன்னாள் போர்வீரர், வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தார்!

இத்துடன் முடியவில்லை. பிறகு அல்காலா நகரில் அவசரப்பட்டுப் பல பாடங்களை ஒரே சமயத்தில் படித்தார், அஸ்திவாரம் ஆடிற்று. 1528இல் பாரீஸ் பட்டணம் சேர்ந்தபோது தம் லத்தீன் போதாது என்பதை மறைக்கவில்லை. மொந்தேகு கல்லூரியில் சிறு பையன்களோடு உட்கார்ந்து மறுபடியும் அடியிலிருந்து படித்தார். அப்போது வயது முப்பத்தாறுக்கு மேல். இன்று அரியர் எழுதப் போகிற பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான கதை வேறு உண்டோ? படித்ததையே திரும்பப் படிப்பது அவமானமல்ல. விளங்காததை விளங்கினதாக நடிப்பதுதான் அவமானம்.

பாரீஸில் அவர் கைப்பணத்தைத் தங்கியிருந்த இடத்தில் ஒருவனிடம் நம்பிக் கொடுத்து வைத்தார். அவன் அதைச் செலவழித்துவிட்டான். வாடகைக்கு வழியில்லாமல் கல்லூரிக்குத் தொலைவிலிருந்த ஒரு சத்திரத்தில் தங்கினார். அங்கே காலையில் கதவு திறப்பதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். மாலையில் கதவு மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பாடங்கள் தவறிப்போயின. தினமும் இரண்டு பஸ் மாறிப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் நன்றாய் விளங்கும். அவர் யோசனை கேட்டார். ஒரு துறவி, “வருடத்தில் சில வாரம் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஸ்பெயின் வியாபாரிகளிடம் உதவி கேட்டு வாரும், மிச்ச நாளெல்லாம் நிம்மதியாய்ப் படியும்” என்ற கருத்தில் வழி சொன்னார். அப்படியே செய்தார். 1535இல் அவர் கையில் முதுகலைப் பட்டம் இருந்தது. கேட்டதனால் வழி பிறந்தது.

அவரைவிட மேலான மாதிரி நமக்கு உண்டு. பன்னிரண்டு வயதுச் சேசு பாலனைத் தேவதாயும் அர்ச். சூசையப்பரும் மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டபோது, அவர் வேதபாரகருக்கு நடுவில் இருந்தார். சுவிசேஷகர் அங்கே இரண்டு செய்கைகளைக் குறிக்கிறார்: பிள்ளை செவிகொடுத்தார், பிள்ளை கேள்வி கேட்டார். சகலமும் அறிந்தவரே கேட்கும் மாணாக்கராக உட்கார்ந்தார் என்றால், நீ கேட்பதில் என்ன குறைவு? வரிசையையும் கவனி: முதலில் செவி, பிறகு கேள்வி. பாடத்தைக் கவனியாமல் கேட்கிற கேள்வி ஆசிரியரைச் சோதிக்கிற கேள்வி. கவனித்தபின் கேட்கிற கேள்வியே கற்கிற கேள்வி.

இனி நடைமுறைக்கு வருவோம். வகுப்பில் எழுந்து கேட்க நா எழவில்லையா? வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குப் போ. “சார், இந்த இடத்திலிருந்து எனக்கு விளங்கவில்லை” என்று புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டு. “ஒன்றுமே புரியவில்லை” என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வரி, இந்தக் கணக்கு என்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் வழி திறக்கும். தமிழில் கேள். அதில் இழிவு இல்லை. இங்கிலீஷுக்கு ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள். பாடத்தில் வருகிற புது வார்த்தைகளில் நாளுக்குப் பத்தை எழுதிப் பொருள் பார். ஒரு வருடத்தின் 180 வேலைநாளில் 1,800 வார்த்தை சேரும். உன் பாடப் புத்தகத்தின் பூட்டைத் திறக்க அவ்வளவு சாவி போதும்.

நூலகத்துக்குப் போ. எந்தப் புத்தகத்தைத் தேடுவது என்று தெரியாவிட்டால் நூலகரைக் கேள். அவர் அங்கே இருப்பதே அதற்குத்தான். உதவித்தொகையைப்பற்றி அலுவலகத்தில் கேள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இப்படிப்பட்ட உதவிகளில் தனக்கு எது உண்டு, எந்தச் சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்று கேளாமலேயே இழந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இஞ்ஞாசியார் தேசம் கடந்து போய்க் கேட்டார். உனக்கோ பத்தடி தூரத்தில் அலுவலக ஜன்னல்!

கேட்பவனுக்குக் கவனம் வேண்டும் என்றேனே, அதற்கும் இஞ்ஞாசியாரே சாட்சி. பார்சலோனாவில் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய உட்காரும்போதெல்லாம் அவருக்குப் பக்திச் சிந்தனைகள் பெருகிவந்தன, பாடம் ஏறவில்லை. ஜெபத்திலும் பூசையிலும்கூட வராத அளவு இனிய சிந்தனைகள் படிக்கும் நேரத்தில் மாத்திரம் வருகின்றனவே என்று ஆராய்ந்து, இது சோதனை என்று கண்டுகொண்டார். உடனே ஆசிரியரைக் கடல் மாதா கோவிலுக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொல்லி, பட்டணத்தில் ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கிறவரையில் இனி இரண்டு வருடமும் பாடத்தைக் கவனியாமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பக்திச் சிந்தனையே பாட நேரத்தில் சோதனையாகுமென்றால், செல்போனைப்பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. படிக்கிற நேரத்தில் படிப்பே உனக்கு ஜெபம்.

அடுத்தது, தோழர்கள். பாரீஸில் அர்ச். பார்பரா கல்லூரியில் இஞ்ஞாசியாருக்கு 1529இல் கிடைத்த அறையில் ஏற்கெனவே இரண்டு வாலிபர் இருந்தார்கள். ஒருவர் ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளையான பேதுரு பாபர். மற்றவர் பிரபு வம்சத்துப் பிரான்சிஸ் சவேரியார். இருவரும் இஞ்ஞாசியாரைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். பாபர் அவருக்குப் பாடத்தில் உதவி செய்தார். அவர் பாபருக்கு ஞானக் காரியத்தில் உதவி செய்தார். ஒருவருக்கு ஒருவர் மாணாக்கர், ஒருவருக்கு ஒருவர் ஆசிரியர். நல்ல சிநேகிதனுக்கு அடையாளம் இதுவே: உனக்குத் தெரியாததை அவனிடம் கூச்சமின்றிக் கேட்கலாம், அவனுக்குத் தெரியாததைப் பெருமையின்றி நீ சொல்லலாம். உன் கேள்வியைக் கேலி செய்கிறவன் எத்தனை தரம் டீ வாங்கிக் கொடுத்தாலும் சிநேகிதனல்ல.

அந்த அறையிலிருந்து புறப்பட்ட சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாரீஸில் பட்டம் பெற்று அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர், இங்கே தமிழ் தெரியாதவராய் நின்றார். வெட்கப்பட்டாரா? இரு பாஷையும் கொஞ்சம் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் பிரயாசைப்பட்டு ஜெபங்களைத் தமிழில் எழுதுவித்து, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ப் போய்ச் சிறுவரைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். பட்டம் பெற்ற பிறகும் அவர் மாணாக்கராகவே இருந்தார். அதனால் நம் கரையோர மக்கள் இன்றளவும் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறார்கள்.

இன்னொரு வெட்கம் உண்டு. அது முந்தினதைவிடக் கொடியது. கல்லூரிக்குப் போன சில மாதத்தில் சில பிள்ளைகளுக்கு வீட்டைப்பற்றி வெட்கம் வருகிறது. அப்பா என்ன வேலை என்று தோழர் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். மீன் கூடையோ, கொல்லறு கையோ, ஆட்டோவோ சோறு போட்டது. அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. தாய் விடுதிக்குப் பலகாரம் கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடத் தோன்றுகிறது.

நம் நாட்டின் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை இருந்த அப்துல் கலாம் அவர்கள் இராமேசுவரத்து எளிய இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். 1950இல் திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில், இன்று தூய வளனார் கல்லூரி என்று நாம் சொல்லும் அதே இடத்தில், படிக்கச் சேர்ந்தார். சேரும்போது மேற்படிப்பில் வேறு வழிகள் உண்டென்றே தமக்குத் தெரியாது என்றும், பௌதிகத்தில் பட்டம் வாங்கின பிறகே தமக்குரியது பொறியியல் என்று கண்டதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். வழி சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற நஷ்டம் இதுதான். பிறகு சென்னையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சுமார் ஆயிரம் ரூபாய் கட்டவேண்டும். அவர் சகோதரி சோகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பதென்று தம்பி உறுதி செய்துகொண்டார். அதற்கு ஒரே வழி உழைத்துப் படித்து உதவித்தொகை பெறுவது என்று படித்தார். பெரிய பதவிக்கு வந்த பிறகும் அந்த வளையலை உலகறியச் சொன்னாரேயன்றி மறைக்கவில்லை. பிள்ளையே, உன் படிப்புக்கு அடகு போனது எந்த வளையல் என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே உன் தாயைக் கேள். அதுவும் கேட்கவேண்டிய கேள்விதான்.

இனி பெற்றோரே, உங்களுக்கு. பிள்ளை கேட்கக் கற்பதும் சொல்லக் கற்பதும் உங்கள் வீட்டில்தான். “இதுகூடத் தெரியாதா?” என்று சின்ன வயதில் அடக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் எப்படி எழுந்து கேட்கும்? “பக்கத்து வீட்டுப் பெண் எத்தனை மார்க், நீ எத்தனை?” என்று சாப்பாட்டு நேரமெல்லாம் கேட்கப்படுகிற பிள்ளை, அரியர் விழுந்ததை எப்படிச் சொல்லும்?

ஊதாரிப் பிள்ளையின் உவமையில் ஒரு சிறு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மகன் வெகு தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுவிட்டார். அப்படியானால் அவர் கண் வழியிலேயே இருந்திருக்கிறது. மகன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பு வார்த்தைகளை முழுவதும் சொல்லி முடிக்கக்கூட அவர் விடவில்லை. தோற்றுத் திரும்பினாலும் கதவு திறக்கும் என்று தெரிந்ததால் அந்தப் பிள்ளை எழுந்து வந்தான். தெரியாதிருந்தால் பன்றித் தொழுவத்திலேயே கிடந்து செத்திருப்பான்.

இது விளையாட்டான வார்த்தையல்ல. தேர்வில் தவறிய வெட்கம் தாங்காமல் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தி நம்மை வந்து எட்டுகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது புத்தியல்ல; சொல்லி அழ ஓர் இடம். ஆகையால் இந்த வாரமே உங்கள் பிள்ளையை உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: “நீ பாஸானாலும் ஃபெயிலானாலும் எங்கள் பிள்ளை. எது நடந்தாலும் முதலில் எங்களிடம் வா.” மனத்தில் இருக்கிறது என்பது போதாது, பிள்ளையின் காதில் விழவேண்டும். அரியர் என்று சொன்னால் கோபத்தை அடக்கி, “எந்தப் பாடம்? எங்கே தடுக்கியது? யாரிடம் கேட்கலாம்?” என்று கேளுங்கள். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதலாம். போன உயிரைத் திரும்பப் பெற முடியாது. பிள்ளை பேசாமல், உண்ணாமல், உறங்காமல் ஒடுங்கிப்போனால் அலட்சியம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்காக அரசு 2022இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள். பங்கு வீட்டுக் கதவு எந்நேரமும் தட்டுவதற்குத்தான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திருச்சபை நமக்குக் கற்றுத்தருவதும் இதுவே. குறையை மறைத்து வைத்திருக்கிறவரையில் அது வளர்கிறது. வாய்திறந்து சொன்ன கணத்தில் அதன் பலம் குன்றத் தொடங்குகிறது. விளங்காத பாடம் பாவமல்ல. ஆனால் அதற்கும் மருந்து அப்படியே: வாய்திறந்து சொல்.

கடைசியாக ஒன்று. படித்து முடித்தபின் எதற்கு? சவேரியார் 1544இல் நம் தேசத்திலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், பாரீஸ் முதலான இடங்களின் பெரிய கல்விச்சாலைகளுக்குப் போய், கல்வி உண்டு ஆனால் அதைப் பலன்படுத்தும் மனம் இல்லாதவர்கள் முன் பித்தனைப்போல் கூவவேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். நம் தெருவில் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். நீ தடுமாறின இடம் உனக்குத் தெரியும். எந்த விண்ணப்பம், எந்தச் சான்றிதழ், முதல் மாதம் எப்படி என்று அவர்களுக்குச் சொல்ல உன்னைவிடத் தகுந்தவர் யார்? விடுமுறைக்கு வரும்போது ஞாயிறு பூசைக்குப் பின் அரை மணி நேரம் கோவில் வராந்தாவில் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல். கேட்டுப் பெற்றவன் கொடுக்கவும் கடன்பட்டவன்.

ஆகவே, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, பெரிய பிரதிக்கினை ஒன்றும் வேண்டாம். வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில், விளங்காத ஓர் இடத்தை ஆசிரியரிடம் கேட்பேன் என்று மாத்திரம் தீர்மானம் செய்துகொள்ளுங்கள். ஒன்று போதும். முதல் கேள்விக்குத்தான் தைரியம் வேண்டும். இரண்டாவது தானாக வரும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசையைப் புதிதாகக் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுக்கிறேன். பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். நாசரேத்தூரில் சேசு பாலனை வளர்த்த தேவதாயும் அர்ச். சூசையப்பரும் உங்கள் வீடுகளைக் காப்பார்களாக. ஞானத்தின் இருப்பிடமான ஆண்டவர் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி